முனி முடக்கில் நான் மூடிய மதகு

கொழும்பில் புறப்படும் நெடுஞ்சாலை அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று வளைந்து வளைந்து மலையேறி, பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரியும். ஒன்று கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழே இறங்கி, மொனராகலையைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போய்விடும். மற்றது இன்னும் மேலே ஏறி, அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல வழியாகப் பதுளையைத் தொடும். இந்த இரண்டாவதுதான் என் பிழைப்பு. முப்பத்தொரு வருடம் இந்த ரோட்டில் ஓவசியராக இருந்தேன். தார் போட்டேன், கான் வெட்டினேன், பாலத்துக்குப் பெயின்ட் அடித்தேன், மண் சரிந்தால் அள்ளினேன்.

இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "உங்க அனுபவத்த எழுதுங்க சேர்" என்று பிடித்துக்கொண்டார்கள். பாலம் கட்டிய பெருமையை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதை எழுத ஆள் இருக்கிறது. நான் செய்த மடத்தனத்தை எழுதுகிறேன். அதை என்னைத் தவிர வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

1. வெடிப்பு

நான் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேல்பக்கத்து மண்மேட்டைப் பெக்கோ மெஷினால் வெட்டிச் சுவர் கட்டி, இரண்டு பஸ் தாராளமாக விலகிப் போகிற மாதிரி செய்ய வேண்டும். வேலையைக் கொந்தராத்துக்காரர்கள் செய்வார்கள், மேற்பார்வை நாங்கள். பாதி வெட்டி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் கொட்டியது.

ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு மாரிமுத்து ஃபோன் எடுத்தார். மாரிமுத்து என் கேங்கின் தலையாள். இருபது வருடத்துக்கு மேல் என்னோடு வேலை செய்தவர், இருபது வருடமும் என்னிடம் ஏச்சு வாங்கியவர்.

"ஐயா, முனி முடக்குல ரோடு வாயப் பொளந்துருச்சுங்க."

"காலங்காத்தால என்னய்யா ஒளறுற? ரோடு என்ன மொதலையா, வாயப் பொளக்கிறதுக்கு? வெடிப்புன்னா வெடிப்புன்னு சொல்லு."

"வெடிப்புதாங்க ஐயா. நீங்க வந்து பாத்துட்டு ஏசுங்க."

முடக்கு என்றால் எங்கள் பக்கத்தில் ரோட்டின் வளைவு. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியில் இருப்பது முனி முடக்கு. மேல்பக்கத்தில் ஒரு முனியாண்டிக் கல் இருக்கும். லொறிக்காரர்களும் பஸ்காரர்களும் ஒரு நிமிடம் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். கீழ்பக்கத்தில் எண்பது படி இறங்கினால் தேயிலைத் தோட்டத்து லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். கடைசிக் காம்பராவை ஒட்டினாற்போல் பிள்ளைமடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள்.

ரோட்டில் வருகிற வெடிப்பு இரண்டு வகை. தார் காய்ந்து வெடிப்பது வலை மாதிரிப் பரவும். அதற்குப் பயப்பட வேண்டாம். மற்றது அரிவாள் வளைவில் வரும். அது வந்தால் ரோட்டின் அடிமண் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான் போய் இறங்கியபோது முனி முடக்கில் கிடந்தது அரிவாள். மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை முப்பது அடி நீளம் இருக்கும். இரண்டு விரல் உள்ளே போனது. நான் மாரிமுத்துவை ஏசிக்கொண்டே அளந்துவிட்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் பீப்பாய் வைத்து வாகனத்தை மறித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மூன்று விரல் போகிறது.

எனக்கு ஏச்சு வரவில்லை. அப்போதே மாரிமுத்து பயந்துவிட்டார்.

நான் ஃபோன் போட்டதில் ஏழரை மணிக்குள் எஞ்சினியர் கௌசல்யா மிஸ் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்கள் இலாகாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. என் மகளின் வயதுதான், ஆனால் வேலையில் எனக்கு மேலே. சப்பாத்தோடு நேராகக் கானுக்குள் இறங்கினார். கான் என்றால் ரோட்டோரத்து வாய்க்கால். மேல்பக்கத்து மலைத் தண்ணீர் முழுவதும் அதில்தான் வரும். வந்த தண்ணீர் ரோட்டுக்கு அடியால் மறுபக்கம் போவதற்கு அங்கங்கே மதகு இருக்கும்.

"ஓவசியர் ஐயா, இஞ்ச வாங்கோ. கானிலை இவ்வளவு தண்ணி வருது. அங்கால இருக்கிற குழாய் மதகுக்குள்ளால அரைவாசி கூடப் போகேல்லை. மிச்சம் எங்க போகுது?"

"மழைதானுங்க மிஸ். எங்கயாச்சும் பரவிப் போயிரும்."

"பரவிப் போறதெண்டா ரோட்டுக்கு மேலால எல்லோ போகவேணும்? ரோட்டிலை ஓடுற தண்ணியைக் காணேல்லையே."

அவர் கையை நீட்டிய இடத்தைப் பார்த்தேன். முனியாண்டியின் சீமெந்து மேடைக்கு ஓரமாக, கானுக்குள் ஒரு சுழி. தண்ணீர் அங்கே சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் எங்கேயும் வெளியே வரவில்லை. ரோட்டின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இந்த முடக்கிலை ஒரு பழைய மதகு இருந்திருக்க வேணும்" என்றார் மிஸ். "இப்பிடி ஒரு பள்ளத்துக்கு மதகு வைக்காமல் அந்தக் காலத்திலை ரோட்டுப் போட்டிருக்க மாட்டினம். ஆனா எங்கட லிஸ்டிலை இல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமே?"

"இல்லைங்க மிஸ். முப்பது வருசமா இந்த ரோட்டுல கெடக்கேன், எனக்குத் தெரியாத மதகா?"

சொல்லி வாய் மூடவில்லை, மேடையின் முகப்பில் இருந்த எழுத்து கண்ணில் பட்டது. வருடாவருடம் பூசைக்கு முதல் சிவப்பு பெயின்ட் தொட்டு எழுதுகிற எழுத்து. மழையில் கழுவிப் பளிச்சென்று இருந்தது.

உபயம்: ஓவசியர் பெ. சிவலிங்கம்.

அது நான்தான். 

2. உபயம்

அதற்குப் பதினொரு வருடத்துக்கு முந்திய கதை இது. அந்த முடக்கில் ஒரு நாள் என் ஜீப்புக்கு பிரேக் பிடிக்கவில்லை. இறக்கத்தில் போன ஜீப் ரோட்டு விளிம்புவரை போய், முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்க நின்றது. டிரைவருக்கும் எனக்கும் ஒரு கீறல் இல்லை. ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு முனியாண்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். "அப்பனே, ஒனக்கு ஒரு மேடை கட்டித் தாறேன்" என்று நேர்ந்துகொண்டேன். அதுவரை கல் வெறும் மண்ணில்தான் நின்றது.

அந்த ஆகஸ்டில் ரோட்டுக்குக் கார்பட், அதாவது புதுத் தார்த்தளம், போட்டோம். கான் ஓரத்துக்கு கொங்கிரீட் போட்ட பிறகு மிக்சரில் மிச்சம் நின்றது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மிச்சக் கொங்கிரீட்டை யாரும் வீசுவதில்லை. பக்கத்துக் கோயிலுக்குப் படி, பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு திண்டு, கிணற்றடிக்குத் துவைக்கிற கல் என்று எதையாவது கட்டிக் கொடுத்துவிட்டு வருவோம். ஊர்க்காரர்கள் தேத்தண்ணி கொடுப்பார்கள், கும்பிடுவார்கள். எனக்கு நேர்த்திக்கடன் வேறு இருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

முனியாண்டி நின்ற இடம் கானை ஒட்டியது. கல்லுக்கு நேர் கீழே பழைய கருங்கல் மதகு ஒன்றின் வாய் இருந்தது. குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்த சருகும் ஒரு எலி வளையும். ஒரு சொட்டு ஈரமில்லை. நாற்பது மீட்டர் தள்ளிப் புதிதாகக் குழாய் மதகு போட்டாகிவிட்டதே, இது செத்த மதகு என்று முடிவு கட்டினேன். மேடை அகலமாக வரவேண்டும் என்றால் அந்த வாயை மூடித்தான் ஆகவேண்டும்.

ஆகஸ்ட் மாதம் எங்கள் பக்கத்தில் காற்றுக் காலம். தேயிலைச் செடி நுனியெல்லாம் கருகி நிற்கும். எந்த மதகுக்குள் டோர்ச் அடித்தாலும் காய்ந்துதான் கிடக்கும். இருபது வருட ஓவசியருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு மேடைதான் தெரிந்தது.

மாரிமுத்து மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "ஐயா, ஐப்பசி கார்த்திகையில இதுக்குள்ள தண்ணி போறத நான் பாத்திருக்கேங்க."

"ஏன்யா, நீ எஞ்சினியரா நான் எஞ்சினியரா?" என்று பாய்ந்தேன். இரண்டு பேருமே எஞ்சினியர் இல்லை. அது கூட எனக்கு உறைக்கவில்லை. கேங்கில் எல்லோரும் சிரித்தார்கள். மாரிமுத்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மதகின் வாயில் கல் அடுக்கி, கொங்கிரீட் ஊற்றி, மேடை கட்டி, ஈரம் காயும் முன் ஆணியால் என் பெயரை நானே எழுதினேன். ஒஃபிசுக்குப் போய் மதகு லிஸ்டில் அந்த நம்பருக்கு நேரே ஒரு கோடு இழுத்து, 'பாவனையில் இல்லை' என்று குறித்தேன். அடுத்த லிஸ்ட் டைப் அடிக்கும்போது அந்த நம்பரே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முனியாண்டி பூசைக்கு லயத்து ஆட்கள் என்னை அழைப்பார்கள். மாரிமுத்துதான் பூசாரி. முதல் மாலை எனக்கு. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்பேன்.

3. கும்பிட்டுவிட்டு உடைத்தோம்

நடந்ததை எல்லாம் மிஸ்ஸிடம் அங்கேயே, கானுக்குள் நின்றபடி சொன்னேன். மறைக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. எட்டு மாதத்தில் ஓய்வு. ஆனால் கண்ணுக்குக் கீழே கூரை தெரிகிறது, கூரையில் புகை வருகிறது. ஆட்கள் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்குப் பேர் கொடுத்துவிட்டு, கொழுந்து மலைக்குப் போயிருப்பார்கள். மடுவத்தில் குழந்தைகள் இருக்கும்.

மிஸ் திரும்பி அந்தச் சுழியைப் பார்த்தார்.

"பதினொரு வருசத் தண்ணி" என்றார். "பதினொரு வருசமா இந்த ரோட்டு தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்குது. அதுக்கு மேலை நாங்கள் மெஷினாலை மேட்டையும் வெட்டி விட்டிருக்கிறம். ஐயோ கடவுளே." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "சரி, இப்ப கதைச்சுப் பிரயோசனமில்லை. முதல்ல ஆக்கள். பிறகு தண்ணி. நீங்கள் கீழ போய் லயத்தைக் காலி பண்ணுங்கோ. கெதியாப் போங்கோ."

தோட்டத்து ஒஃபிசுக்கு ஃபோன் போட்டேன். கிளாக்கர் எடுத்தார். "தொரை வெளிய போயிருக்காருங்க. அவரு சொல்லாம லயத்தக் காலி பண்ண ஏலாதே ஓவசியர்."

"ஒங்க தொரை வர்ற வரைக்கும் ரோடு காத்துக்கிட்டு நிக்குமாய்யா? மலையில இருக்கிற ஆளுகளுக்கு ஆளனுப்பு. அனுப்பலேன்னா நான் அங்க வந்து ஒன்னயத் தூக்கிட்டுப் போய் அந்தக் கூரைக்குக் கீழ ஒக்கார வப்பேன்." என் வாய் பிரயோசனப்பட்ட ஒரே நாள் அதுதான்.

எண்பது படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மடுவத்தில் ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பார்வதியம்மா வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். கடைசிக் காம்பராதான் அவர் வீடு. நான் வாயைத் திறந்து கத்துவதற்கு முன்னாலேயே இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளைத் தூக்கிவிட்டார். அவர் காம்பரா வாசலில் சாமான் எல்லாம் இரண்டு சாக்கில் கட்டி வைத்திருந்தது. பக்கத்துக் காம்பரா வாசலிலும் கட்டி வைத்திருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"யாரு ஒங்களுக்குச் சொன்னா? எப்பக் கட்டுனீங்க?" என்றேன் மூச்சு வாங்க.

"அப்புறம் பேசுவோங்க ஐயா. மொதல்ல புள்ளைகளத் தூக்குங்க."

தூக்கினேன். இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, தேயிலைக்குள்ளால் போகிற குறுக்குப் பாதையில் தோட்டத்து ஸ்கூலுக்கு ஓடினேன். என் கேங்கில் ஆறு பேர் வந்து மற்றக் குழந்தைகளையும், நடக்க முடியாத இரண்டு கிழவர்களையும் தூக்கினார்கள். மலையிலிருந்து தாய்மார் கூடையோடு ஓடி வந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கி எடுத்தாள். ஒன்பது மணிக்குள் லயத்தில் ஒரு கோழியைத் தவிர உயிர் எதுவும் இல்லை.

திரும்பி மேலே வந்தேன். வெடிப்பு ஒரு சாண். மதகைத் திறந்துவிட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் வடியும், பாரம் குறையும், கொஞ்ச ரோட்டையாவது காப்பாற்றலாம் என்பது மிஸ்ஸின் கணக்கு. பெக்கோவை அந்த ரோட்டில் ஏற்ற முடியாது. அதன் எடைக்கே ரோடு போய்விடும். கடப்பாரையால்தான் உடைக்க வேண்டும். மேல்பக்கத்து மரத்தில் கயிறு கட்டி, உடைக்கிறவர் இடுப்பில் முடிச்சுப் போட ஏற்பாடு செய்தார்.

கேங்கில் ஒருவர்கூடக் கடப்பாரையைத் தொடவில்லை. எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"சாமி மேடைங்க ஐயா" என்றார் ஒருவர். "எங்களால ஏலாதுங்க."

"ரோடு போகுது, லயம் போகுது, இப்பப் போயி சாமிங்கிறீங்களே!" என்று கத்தினேன்.  கத்தினேனே தவிர, நேர்ந்து கட்டியதை உடைக்க எனக்கும் பயம். முப்பத்தொரு வருடத்தில் மலை சரிந்து பார்த்திருக்கிறேன், பஸ் உருண்டு பார்த்திருக்கிறேன், அவ்வளவு பயந்ததில்லை.

மாரிமுத்து முன்னால் வந்தார். மழையில் நாலு குச்சி வீணாகி ஐந்தாவதில் கற்பூரம் ஏற்றினார். கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். "அப்பனே, ஒன்னய நாங்க பத்திரமா வேற எடத்துல வக்கிறோம். புள்ளைக குட்டிக வீடு கீழ இருக்கு. கோவிச்சுக்காத." கல்லை வேட்டியில் சுற்றி, இரண்டு பேராகத் தூக்கி, மேல்பக்கத்துத் தேயிலைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பி வந்து கடப்பாரையை எடுத்து என் கையில் தந்தார்.

"நீங்க கட்டுனதுங்க ஐயா. மொத அடி நீங்க அடிங்க."

இருபது வருடத்தில் அவர் எனக்கு இட்ட ஒரே உத்தரவு. இடுப்பில் கயிறைக் கட்டிக்கொண்டு என் பெயர் மேலேயே அடித்தேன். நல்ல கொங்கிரீட். சும்மா சொல்லக்கூடாது, நான் கட்டியது எதுவும் லேசில் உடையாது. நானும் மாரிமுத்துவும் மாறி மாறி அடித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே அடுக்கிய கல்லில் ஒன்று பெயர்ந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே போனது. எங்களைக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்கள். மறுபக்கத்தில் செம்மண் நிறத்தில் பீறிட்டு, பழைய கல் வாய்க்காலில் விழுந்து ஓடியது. பதினொரு வருடம் காய்ந்து கிடந்த வாய்க்கால். அதில் கட்டியிருந்த கோழிக்கூடு, விறகு, மரவேலி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது.

கேங்கில் எல்லோரும் ஹோ என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

பகல் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மழை விட்டது. ஒரு வெயில் கூட வந்தது. பசிக்குப் பணிஸ் கடித்துக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லாமல் ரோட்டின் வெளிப்பாதி கீழே இறங்கியது. விழவில்லை, இறங்கியது. பீப்பாய்கள் நின்ற மாதிரியே நின்றுகொண்டு கீழே போயின. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. மண் நின்றபோது லயத்தின் கடைசி ஐந்து காம்பராவும் பிள்ளைமடுவமும் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், தகரமும், ஒரு மரத்தொட்டிலின் காலும் தெரிந்தன.

 கௌசல்யா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் என் கையில் கிடந்த இரண்டு பிள்ளைகளின் சூடு அப்போதும் என் நெஞ்சில் இருந்தது. ஒன்று என் சட்டையில் மூத்திரம் பெய்திருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

4. ஸ்கூல் ஹாலில்

ரோடு சரிந்த மூன்றாம் நாள் ரிப்போர்ட் எழுத வேண்டி வந்தது. மேலிடத்துப் பெரியவர் ஒருவர் ஃபோனில் சொன்னார்: "மழைன்னு எழுதுங்க சிவலிங்கம். கடும் மழை, அவ்வளவுதான். இன்னும் எட்டு மாசம். ஒங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது." மழை என்ற ஒரு சொல்லில் எவ்வளவு பேர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் மதகு நம்பரோடு, லிஸ்டில் கோடு இழுத்ததோடு, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஸ் வாசித்துவிட்டுத் தன் கையெழுத்தையும் கீழே போட்டார். பிறகு விசாரணை வந்தது. கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் இதுதான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று பின்னேரம் ஸ்கூல் ஹாலுக்குப் போனேன். பன்னிரண்டு குடும்பமும் அங்கே பாய் விரித்து இருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்கள். "ஐயா இல்லேன்னா எங்க புள்ளைக இல்லைங்க" என்று ஒரு பெண் காலில் விழப் போனாள். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. பார்வதியம்மாவை மட்டும் வெளியே கூப்பிட்டேன்.

"பார்வதியம்மா, ஒரு உண்மையச் சொல்லணும். அந்த மேடையக் கட்டுனப்போ ஒரு மதகு வாய நான் மூடிட்டேன். தண்ணி போக வழியில்லாமத்தான் இப்பிடி ஆச்சு. மழை இல்ல. நான்தான்."

அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுங்க ஐயா."

"என்ன தெரியும்?"

"நீங்க கட்டுன மறுவருசமே எங்க அடுப்படிச் சொவரு ஈரங்கட்டிருச்சுங்க. அதுக்கு மொத எங்க மாமியா காலத்துலேருந்து அந்தச் சொவத்துல ஈரத்தப் பாத்ததில்ல. வாய்க்காலும் காஞ்சிருச்சு. எங்களுக்கு வெளங்காதுங்களா? லயத்துல எல்லாத்துக்கும் தெரியும். மாரிமுத்து அண்ணனுக்கும் தெரியும்."

 "பதினொரு வருசமா? ஏம்மா, ஒருத்தராச்சும் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒவ்வொரு வருசமும் சொல்லத்தாங்க நெனப்போம். பூசைக்கு வருவீங்க. மொத மாலைய ஒங்களுக்குப் போடுவோம். மாலையும் கழுத்துமா சாமி முன்னுக்கு நிக்கிற மனுசன்கிட்ட, நீங்க சாமிக்குச் செஞ்சது எங்க வீட்டுக்குள்ள தண்ணியா வருதுன்னு எப்பிடிங்க சொல்றது?" கொஞ்சம் தயங்கினார். "அதோட, நீங்க ஏசுவீங்க. மாரிமுத்து அண்ணன ஏசுனத எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே நின்னோம்."

"சாமான் எல்லாம் கட்டி வச்சிருந்தீங்களே?"

"மழை புடிச்சா கட்டிருவோங்க. எல்லா வருசமும்தான். கடைசி அஞ்சு காம்பராவுல யாரும் படுக்க மாட்டோம். புள்ளைகள மத்தக் கோடியில இருக்கிற காம்பராக்கள்ல படுக்க வச்சிட்டு, பொம்பளைங்க முறை வச்சு ஒக்காந்திருப்போம். சத்தம் கேட்டா எழுப்பணுமில்ல. விடிஞ்சதும் பெரட்டுக்குப் போயிருவோம்."

இதை அந்த அம்மா குறையாகச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. தண்ணிப் பைப்பில் முறை வைப்பதைச் சொல்வது போலச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட, பதினொரு மழைக்காலம் தூங்காமல் இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் அப்படிப்பட்ட ஆளாக இருந்திருக்கிறேன். ரோடு கீழே போனபோது கூட என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அப்போது வந்தது. பார்வதியம்மா பதறிப்போய், "ஐயா, அழாதீங்க, அதான் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

புதுப் பிள்ளைகளே, பாடம் என்ன என்று கேட்பீர்கள். மதகை மூடாதே என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். லிஸ்டில் மதகின் நம்பர் இருக்கும், நீளம் இருக்கும், அகலம் இருக்கும். அதன் தண்ணீர் யார் வீட்டுப் பின்பக்கம் போகிறது என்று இருக்காது. அதை அந்த வீட்டு ஆட்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் உங்களிடம் சொல்லக்கூடிய மாதிரி நீங்கள் இருக்க வேண்டும்.

மிச்சமிருந்த எட்டு மாதமும் பெரகலையிலிருந்து ஹாலிஎல வரை ஒவ்வொரு மதகாக இறங்கினேன். கீழே வீடு இருந்தால் கதவைத் தட்டிக் கேட்டேன். முதல் வீட்டில் ஒரு மனிதர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. ஒரு கொறையும் இல்லைங்க" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அடுப்படிச் சுவரில் கையை வைத்தேன். ஈரமாக இருந்தது.